அந்த அம்மா நடிக்கிறாங்களான்னு என்கிட்ட கேக்காதீங்க

இந்த வாரம் மட்டும் மூணு பேர் அதே வீடியோவ எனக்கு வாட்ஸப்ல அனுப்பிட்டாங்க. ஒரு வெட்டுக்குத்து கேஸ், அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் புடிச்சிருக்காங்க, ரெண்டு பேருக்குமே பதினெட்டு ஆகல. கோர்ட் வாசல்ல அவங்க அம்மா மைக் முன்னாடி "எம்புள்ளைங்க அப்படி செய்யாதுங்க சார்"னு சொல்லிட்டு நிக்கிறாங்க. கண்ணுல தண்ணி இல்ல. மூணு பேரும் கேட்டது ஒரே கேள்விதான், "நீங்க சைக்காலஜிஸ்ட்தான, பாத்து சொல்லுங்க மேடம், நெஜமா நடிப்பா?"

எனக்குத் தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது. பல வருஷமா இளைஞர் நீதிக் குழுமத்துக்கு (பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க கேஸ விசாரிக்கிற இடம்) வர்ற பசங்களோட குடும்பத்துகிட்ட பேசிட்டு இருக்கேன், இன்னிக்கும் ஒரு மூஞ்சிய பாத்து இவங்க பொய் சொல்றாங்கன்னு என்னால சொல்ல முடியாது. கண்ண பாத்து பேசலன்னா பொய், அழலன்னா கல்நெஞ்சு, ரொம்ப அழுதா டிராமா, இதெல்லாம் எங்கேந்து கத்துக்கிட்டீங்க? 2006ல 200க்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகள ஒண்ணா சேத்து கணக்கு போட்டாங்க, பொய்யா நெஜமான்னு ஜனங்க சரியா சொன்னது சுமார் 54 சதவீதம்தான். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். போலீஸ் மாதிரி இதையே தொழிலா செய்யறவங்களும் பெருசா ஒண்ணும் மேல இல்ல.

ஆஸ்திரேலியாவுல லிண்டி சேம்பர்லெய்ன்னு ஒரு அம்மா, 1980ல அவங்க கைக்குழந்தைய டிங்கோன்ற காட்டு நாய் தூக்கிட்டுப் போச்சு. டிவில இவங்க சரியா அழலன்னு ஊரே பேசுச்சு, 1982ல கொலைகாரின்னு ஆயுள் தண்டனை, 1988லதான் அந்தத் தீர்ப்பையே ரத்து பண்ணாங்க. நடுவுல மூணு வருஷத்துக்கு மேல ஜெயில்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் இதான். அம்மா மனசார நம்புறாங்கன்னா பையன் நிரபராதின்னும், பையன் செஞ்சிருந்தா அம்மா பொய் சொல்றாங்கன்னும் முடிச்சு போடுறீங்க. ரெண்டும் வேற வேற. 2013ல அமெரிக்காவுல நடந்த பாஸ்டன் குண்டுவெடிப்பு கேஸ்ல சிக்குன சர்னாயேவ் சகோதரர்களோட அம்மா, என் பசங்கள மாட்டிவிட்டுட்டாங்கன்னு உறுதியா சொன்னாங்க. 2015ல விசாரணை ஆரம்பிச்ச நாளே சின்னவனோட சொந்த வக்கீலே செஞ்சது அவன்தான்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த அம்மா நெஞ்சுல நெஜமாவே என்ன இருந்துச்சுன்றது எதையுமே மாத்தல பாருங்க, அவங்க நம்பியிருந்தாலும் சரி, நம்பாட்டியும் சரி. வீட்ல தங்கச்சிக்கு தல சீவிவிடுற பையன் தெருவுல வேற ஆளா இருக்கலாம், அம்மா பாத்தது வீட்டுப் பையனதான், அதத்தான் சொல்றாங்க.

ஒரு அம்மா (அடையாளம் தெரியாத மாதிரி மாத்திதான் எழுதுறேன்) மஞ்சப்பைல மார்க்‌ஷீட், தடுப்பூசி அட்டை, கபடில வாங்குன சர்டிபிகேட் எல்லாம் கொண்டு வந்து என் டேபிள்ல ஒண்ணொண்ணா அடுக்குனாங்க. அழவே இல்ல. ஃபேன் காத்துல பறக்காம இருக்க உள்ளங்கைய அது மேல அழுத்தி வெச்சிக்கிட்டே ஒண்ணு மட்டும் கேட்டாங்க, "உள்ள சாப்புட்டானா மேடம்?" வெளிய நின்னவங்க சொன்னது, என்னா தெனாவெட்டு பாரு. நான் ரிப்போர்ட்ல யாரையும் "உண்மையா பேசுறதாத் தெரியல"ன்னு எழுதவே மாட்டேன். அன்னிக்கு ராத்திரி எத்தன மணிக்கு வந்தான், யாரு கூட வந்தான், ஸ்கூல் எப்ப நின்னுச்சு, இதத்தான் கேப்பேன், இதெல்லாம் சரிபாக்க முடியும்.

பெத்தவங்களுக்குக் கொஞ்சம் கறாராவே சொல்றேன், உங்க நல்லதுக்குத்தான். மைக்க கண்டா ஒதுங்கிப் போங்க. பையன் போன்ல எதையும் அழிக்காதீங்க, சட்டைய துவைக்காதீங்க, பாசத்துல செஞ்சாலும் அது தடயத்த அழிச்ச கேஸ் ஆயிடும். அடிபட்டவங்க வீட்டுக்குப் போயி கால்ல விழறேன்னு நிக்காதீங்க, அவங்களுக்கு அது மெரட்டல் மாதிரிதான் தெரியும், அங்கயும் ஒரு அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்காங்க. 24 மணி நேரத்துக்குள்ள பையன குழுமத்து முன்னாடி நிறுத்தணும், லாக்கப்ல வெக்கவே கூடாது, இது சட்டம். வக்கீலுக்குக் காசு இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இலவசம். "எம்புள்ள செஞ்சானான்னு எனக்குத் தெரியல, ஆனா அவன் எம்புள்ள"ன்னு சொல்றதுல ஒரு தப்பும் இல்லம்மா, தாராளமா சொல்லுங்க.

ஃபார்வர்ட் பண்றவங்களுக்கும் ஒண்ணு. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பையன அடையாளம் காட்டுற எதையும் போடக்கூடாது, 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல பிரிவு 74, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட வரலாம். அம்மா மூஞ்சி தெரிஞ்சா பையன் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்.

எனக்கு அனுப்புன மூணு பேரும் தயவுசெஞ்சு அத டெலீட் பண்ணிடுங்க. அந்தம்மா முந்தானைய புடிச்சிக்கிட்டு பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு நிக்கிறா, ஸ்கூல் யூனிஃபார்ம்ல, பேட்ஜ்ல ஸ்கூல் பேரு தெளிவா தெரியுது.