சாய்தளத்துக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்

நாரி நோகுது என்று இந்த வருடம் என்னிடம் வந்த அம்மாமாரில் இவர் நான்காவது ஆள். யாழ்ப்பாணத்தில் நாரி நோவுக்குக் காரணம் கேட்டால் கிணற்றில் அள்ளினது, தோட்டத்தில் குனிந்து நின்றது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். இவர் சொன்னது வேறு. "பின்னேரத்தில பிள்ளையைப் பூங்காவுக்குக் கொண்டுபோறனான் மிஸ். முந்தித் தூக்கிடுவன். இப்ப அவனுக்கு எட்டு வயசு, ஏலாமக் கிடக்கு."

மகனுக்கு மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில் பூங்கா வாசல்வரை வந்துவிடுவான். அங்கிருந்து ஊஞ்சல்வரை மணல். அந்தத் தூரத்துக்கு அம்மாவின் நாரிதான் வாகனம். இயன்மருத்துவராக நான் அவருக்கு முதுகுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன், அடுத்த கிழமை அதே வலியோடு வருகிறார்.

பூங்கா கட்டுகிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் வருவது ஒரே பதில்: "சாய்தளம் போட்டிருக்குத்தானே." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சரி, அந்தச் சாய்தளத்தையே பார்ப்போம். ஒரு அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நான் பார்க்கிற பல இடங்களில் அதை மூன்றடியில் முடித்துவிடுகிறார்கள். அது மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற சரிவு. இறங்கும்போது நாற்காலி தள்ளுகிறவரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம், மோட்டார் சைக்கிள் உள்ளே வரக்கூடாதென்று அதே வாசலில் கொங்கிரீட் தூண் நடுகிறார்கள். தூண்களுக்கு நடுவே 90 சென்ரிமீற்றராவது விடுங்கள். தன் கையாலேயே சில்லைச் சுழற்றி வருகிற பிள்ளையின் விரல் மூட்டு தூணில் உரசிக் காயப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் திருத்தினாலும் பிள்ளை வந்து சேர்வது மணலுக்குத்தான். நாற்காலியின் முன்சில்லுகள் சிறியவை. கடற்கரை மணலில் சைக்கிள் உருட்டினவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை. சாய்தளம் என்பது வாசல் ஏறும் வழி. பிள்ளை வாசலைப் பார்க்கவா வருகிறது? ஊஞ்சல் ஆட வருகிறது. ஊஞ்சலில் போய் இருக்க முடியாவிட்டால் அந்தப் பூங்கா அந்தப் பிள்ளைக்கு இல்லை.

"அப்ப முழுக்கச் சீமெந்து பூசச் சொல்லுறீங்களா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். இல்லை, தயவுசெய்து பூசிவிடாதீர்கள். ஊஞ்சலுக்கும் சறுக்கிக்கும் கீழே மணல் இருப்பது விழுகிற பிள்ளையின் மண்டையைக் காக்கத்தான். நான் கேட்பது வாசலிலிருந்து ஒரு ஊஞ்சலுக்காவது ஐந்தடி அகலத்தில் கெட்டியான ஒரு பாதை. சீமெந்துக் கல் பதிக்கலாம். காசு போதாவிட்டால் கிறவல் கொட்டி உருளை போட்டு இறுக்கலாம். ஆனால் ஓரக்கல் வைக்காவிட்டால் கார்த்திகை மழை அதைக் கொண்டுபோய்விடும். கடைசி நாலைந்து அடிக்குத் தடித்த றப்பர் விரிப்பு. அந்த ஒரு ஊஞ்சலுக்கு முதுகுச் சாய்வும் பெல்ட்டும் உள்ள இருக்கை. அதை மற்ற ஊஞ்சல்களோடு சேர்த்தே மாட்டுங்கள். மூலையில் தனியாக வைத்தால் பிள்ளை தனியாகத்தான் ஆடும்.

சறுக்கியைப் பற்றி ஒன்று. முள்ளந்தண்டுப் பிளவோடு பிறந்த சில பிள்ளைகளுக்குக் காலில் உணர்வு குறைவு. சித்திரை வெயிலில் தகரம் சுட்டாலும் அழமாட்டார்கள், கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். பிள்ளையை ஏற்றுவதற்கு முதல் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். மேற்குப் பக்கம் ஒரு வேம்பு நடுங்கள்.

"அப்படிப்பட்ட பிள்ளைகள் இங்க வாறதில்லையே" என்பவர்களுக்கு: வர வழியில்லாததால் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொது இடங்களுக்கான அணுகல் விதிகள் 2006 இல் வந்தன. அவர்களின் உரிமைகளுக்காக 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, விளையாட்டில் இந்தப் பிள்ளைகளுக்கும் சம இடம் வேண்டும் என்கிறது.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி அம்மா அப்பா நினைவாகப் பூங்கா கட்டித் தருகிறவர்களிடமும் சனசமூக நிலையக்காரரிடமும் ஒரு கெஞ்சல். திறப்பு விழாவுக்கு நாள் குறிக்க முதல் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்குங்கள். 25 கிலோ அரிசி மூட்டையை அதில் வைத்து, கேற்றிலிருந்து ஊஞ்சல்வரை நீங்களே தள்ளிப் பாருங்கள். எங்கே புதைகிறதோ அங்கே வேலை மிச்சம் இருக்கிறது.

அம்மாமாரே, பாதை வரும்வரை மணலில் நாற்காலியை முன்னுக்குத் தள்ளாதீர்கள். திருப்பி, முன்சில்லு மணலில் படாதபடி சற்றே பின்னுக்குச் சரித்து, பெரிய சில்லில் இழுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் இரண்டு பேராகத் தூக்குங்கள், முழங்காலை மடித்து. பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடக் கூச்சப்படாதீர்கள்.