வாசித்து முடித்தபின் வரும் அரை மணி நேரம்

அந்த இளைஞர் கொண்டுவந்தது 42 பக்க நாடகம். கல்குவாரியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தின் கதை. நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து நடிகர்கள் அதை வாசித்தார்கள். கடைசிப் பக்கம் முடிந்ததும், கேட்டுக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவர் முதலில் வாய் திறந்தார்: "இது நாடகமே இல்ல தம்பி." அதற்குப் பிறகு இருபது நிமிடம் பேசினார். அவர் சொன்னதில் பாதி நியாயமான விஷயம்தான். ஆனால் முதல் வரிக்கு மேல் எதுவும் அந்த இளைஞரின் காதில் விழவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டீகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார். பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டோம், வரவில்லை. அன்றைக்குக் கூட்டத்தை நடத்தியவன் நான். அந்தப் பேச்சை நிறுத்தியிருக்க வேண்டியவனும் நான்தான். நிறுத்தவில்லை.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. நடிப்புப் பயிற்சி கொடுப்பதும் நாடகம் இயக்குவதும் என் தொழில். அதோடு சென்னையில் மாதம் ஒரு நாடக வாசிப்பையாவது நடத்திவருகிறேன். காட்சியமைப்பு, ஒளி, உடை எதுவும் கிடையாது. இன்னும் மேடையேறாத ஒரு பிரதியை, ஒரே ஒரு ஒத்திகைக்குப் பிறகு, நடிகர்கள் கையில் வைத்துக்கொண்டு இருபது முப்பது பேருக்கு முன்னால் வாசிப்பார்கள். அவ்வளவுதான். இப்படி ஒரு குழு தொடங்க நினைக்கிறவர்கள் இடம் எப்படிப் பிடிப்பது, எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் எப்படியாவது அமைந்துவிடும். குழு நிலைப்பதும் உடைவதும் வாசித்து முடித்தபின் வரும் அரை மணி நேரத்தில்தான். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எழுதியதைச் சபையின் காதுக்குக் கொண்டுபோவது நமக்குப் பழக்கமான விஷயம். கம்பர் திருவரங்கத்திலும் சேக்கிழார் தில்லையிலும் அரங்கேற்றினார்கள் என்கிறது மரபு. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்ட காலமும் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆனால் அரங்கேற்றம் என்பது அவை அமர்ந்து சோதிக்கும் இடம். தேறியது தேறாதது என்று தீர்ப்பு வரும். நாடக வாசிப்புக்கு வருகிறவர்களும் தங்களை அறியாமல் அந்த அவையின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேகாத சோற்றை ருசி பார்த்து என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்?

லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் அதன் கலை இயக்குநர் ஜார்ஜ் டிவைன் 1957இல் ஞாயிற்றுக்கிழமை இரவுகளை இதற்கென்றே ஒதுக்கினார். காட்சி அலங்காரம் இல்லாமல் புதிய நாடகங்களைக் குறைந்த செலவில் பார்வையாளர் முன் வைத்தார்கள். ஆர்னால்ட் வெஸ்கரின் 'தி கிச்சன்' (சமையலறை) என்ற நாடகம் 1959இல் முதலில் அப்படித்தான் வெளியே வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 1964இல் தொடங்கிய யூஜின் ஓ'நீல் நாடக மையத்திலும் கையில் பிரதியோடுதான் நடிகர்கள் நிற்பார்கள். நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் அங்கே அனுப்பிய நாடகங்கள் முதலில் திரும்பி வந்தன. 1982இல் ஒன்று தேர்வாகி வாசிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில் அது நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போனது. வில்சனின் திறமையை அந்த மையம் உண்டாக்கவில்லை. ஆனால் திருத்தி எழுத அவருக்கு ஓர் இடமும், அதைச் சொல்லிப் பார்க்க நடிகர்களும் கிடைத்தார்கள்.

நம் பக்கம் 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கினார், அடுத்த வருடம் ஞாநி பரீக்‌ஷாவை. இரண்டு பேருமே எழுதுகிறவர்கள், நடிகர்களைத் தங்களைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டவர்கள். அப்படி ஒரு குழுவே கையில் இல்லாத எழுத்தாளர் எங்கே போவார்? நாடகம் சிறுபத்திரிகையில் அச்சாகும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் புத்தகமாகும். ஒரு வசனத்தைக்கூட இன்னொரு வாய் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். தமிழில் இது பெரிய இழப்பு. எழுதும் தமிழுக்கும் பேசும் தமிழுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது. "நான் உன்னிடம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்று தாளில் இருக்கும்போது கண்ணுக்கு உறுத்தாது. கோபத்தில் அதைச் சொல்லச் சொன்னால் எந்த நடிகருக்கும் நாக்கு முட்டும். அந்த ஒரு முட்டல் போதும், எழுதியவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வட்டார வழக்கு இன்னும் சிக்கலானது. நெல்லைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை தன் நாடகத்தோடு வந்தார். அதில் மனைவி தன் கணவனை "அவிய" என்றே குறிப்பிடுவாள். "அவிய நேத்தே வந்துட்டாவ" என்பது போல. வாசித்தவர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த நடிகை. அந்தச் சொல் வரும்போதெல்லாம் கேட்டவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். கணவன் இறந்த செய்தி வரும் காட்சியிலும் சிரிப்பு வந்தது. ஆசிரியை குனிந்த தலை நிமிரவில்லை. முடிந்ததும், "எல்லாத்தையும் பொதுத் தமிழ்ல மாத்திரட்டுமா சார்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் காட்சியை மட்டும் நீங்களே வாசியுங்கள் என்றேன். அரைப் பக்கம் வாசித்தார். புருஷன் பேரைச் சொல்லாத ஒரு பெண்ணின் மரியாதையும் விலகலும் பிரியமும் அந்த ஒரு சொல்லில் கேட்டன. மாடியில் சத்தமே இல்லை. அந்த நடிகை எழுந்து வந்து, "அக்கா, எனக்குத் தொனி தெரியல. நீங்க பேசுறதைப் பதிவு பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார். அடுத்த மாதம் அதே காட்சியை அவரே திரும்ப வாசித்தார். ஒரு சொல்லும் மாறவில்லை.

அந்த நடிகைக்குக் கிடைத்ததும் குறைவில்லை. நடிகர்களைப் பற்றிப் பேசும்போது ஏதோ எழுத்தாளருக்கு உதவி செய்ய வந்தவர்கள் போலப் பேசுகிறோம். சென்னையில் தொலைக்காட்சித் தொடர், டப்பிங், விளம்பரம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு வேலை இல்லாத நாட்கள்தான் அதிகம். ஆடிஷனுக்குப் போய்க் காத்திருந்து திரும்புகிற வாழ்க்கையில், ஒரு முழுக் கதாபாத்திரத்தை முதலிலிருந்து முடிவு வரை சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு எப்போது வரும்? வருடக்கணக்கில் அம்மா வேடம் மட்டுமே கொடுக்கப்பட்ட ஒரு நடிகைக்கு எங்கள் வாசிப்பில் வக்கீல் பாத்திரம் கொடுத்தோம். முதல் பத்து நிமிடம் அவர் குரல் அம்மாவாகவே இருந்தது. பிறகு முதுகு நிமிர்ந்தது, வேகம் கூடியது. வாசிப்பில் முகவெட்டும் வயதும் தடையில்லை என்பதால் நான் வேண்டுமென்றே இப்படி மாற்றிக் கொடுக்கிறேன்.

ஏற்பாட்டில் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பிரதியைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். ஒரு வசனம் பாதியில் பக்கம் தாண்டக் கூடாது. பக்க எண் கட்டாயம். போனில் பார்த்து வாசிக்க நான் விடுவதில்லை, நடுவில் யாராவது அழைத்துவிடுவார்கள். எட்டுப் பாத்திரத்தை ஐந்து பேர் வாசிக்கலாம், ஆனால் ஒருவரோடொருவர் பேசும் இரண்டு பாத்திரங்களை ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். அரங்கக் குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். எவற்றை வாசிப்பது, எவற்றை விடுவது என்று ஒத்திகையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் தன் நாடகத்தில் பாத்திரம் ஏற்காமல் பின்வரிசையில் உட்காரட்டும். எந்தப் பக்கத்தில் ஜனங்கள் நாற்காலியில் நெளிகிறார்கள் என்பதை அவர் பார்க்க வேண்டும். நடிகர்களுக்குப் போக்குவரத்துச் செலவையாவது கொடுத்துவிடுங்கள், அது எங்களால் முடியாத மாதங்களும் இருந்திருக்கின்றன.

இனி அந்த அரை மணி நேரம். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த ஒரு முறை உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. நான்கு படிகள். முதலில், கேட்டவர்கள் தங்கள் மனதில் எது தங்கியது என்பதை மட்டும் சொல்வார்கள். அடுத்து படைப்பாளி கேள்வி கேட்பார். மூன்றாவது, கேட்டவர்கள் படைப்பாளியைக் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் அபிப்பிராயம் ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் படைப்பாளி சம்மதித்தால்.

மூன்றாவது படியில்தான் நம் ஆட்கள் திணறுகிறார்கள். "அந்த அம்மா ஏன் இவ்வளவு நேரம் அழுறாங்க?" என்பது கேள்வி மாதிரி இருக்கும் தீர்ப்பு. "அந்த அழுகை எங்களுக்கு என்ன செய்யணும்னு நினைச்சீங்க?" என்று கேட்டால் எழுதியவர் யோசிக்கத் தொடங்குவார். "சார், ரெண்டு விஷயம் சொல்லட்டுமா" என்று ஆரம்பிப்பவரை, "கேள்வியா மாத்திக் கேளுங்களேன்" என்று நான் தடுப்பேன். வயதில் மூத்தவரைத் தடுப்பது எனக்கு இன்றும் சங்கடம்தான். அந்த 42 பக்கம் ஞாபகம் வரும், தடுத்துவிடுவேன்.

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டைச் சேர்த்திருக்கிறேன். வாசித்த நடிகர்கள் முதலில் பேசுவார்கள், கேட்டவர்கள் பிறகு. வசனம் நாவில் எப்படி இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது, "நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்" என்ற வாக்கியத்துக்கு இடம் இல்லை. அப்படிச் சொல்கிறவர் தான் எழுத வேண்டியதைத் தன் வீட்டில் எழுதி, அடுத்த மாதம் கொண்டுவரட்டும், அதையும் வாசிப்போம்.

"என் கதையை யாராவது எடுத்துக்கொண்டால்?" என்ற பயம் புதியவர்களிடம் நிறைய இருக்கிறது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த அன்றே நாடகம் எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. எழுத்தாளரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் அந்த உரிமை இருக்கும். ஆனால் சட்டம் காப்பது எழுதப்பட்ட வடிவத்தை, வெறும் யோசனையை அல்ல. அதனால் பிரதியில் பெயரும் தேதியும் போட்டு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் கேட்காமல் வாசிப்பை யாரும் வீடியோ எடுக்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே நாங்கள் சொல்லிவிடுவோம்.

கூட்டம் கலையும்போது எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கி எழுதியவரிடம் கொடுத்துவிடுகிறோம். பாதுகாப்புக்காகத் தொடங்கிய பழக்கம் இது. நெல்லை ஆசிரியைதான் அதன் இன்னொரு பயனைக் காட்டினார். ஒவ்வொரு பிரதியிலும் நடிகர்கள் பென்சிலால் கோடு போட்டிருப்பார்கள். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எங்கே அர்த்தம் புரியாமல் கேள்விக்குறி. அவர் ஆறு பிரதிகளையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு கோடு விடாமல் பார்த்து, இரண்டாம் காட்சியை மறுபடி எழுதினாராம். அடுத்த முறை வந்தபோது பையில் நடிகர்களுக்கென்று ஒரு டஜன் பென்சில் கொண்டுவந்திருந்தார்.