விஸ்கான்சினில் மான் வேட்டைப் பருவம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெண்வால் மான்களைத் துப்பாக்கியால் வேட்டையாடும் முதன்மைப் பருவம், நவம்பர் மாத நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாட்கள் நடக்கிறது. மே, ஜூன் மாதங்களில் பிறந்த குட்டிகள் அதற்குள் பால் மறந்து தாமாகவே மேயத் தொடங்கியிருக்கும்.

இந்தத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கவனத்துடன் முடிவு செய்யப்படுவது, கொம்பில்லாத மான்களை, அதாவது பெரும்பாலும் பெண் மான்களை, சுடுவதற்கு ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) எத்தனை அனுமதிச் சீட்டுகள் வழங்கலாம் என்பதே ஆகும். ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு இணையக்கூடியது என்பதால், ஆண் மான்களை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகள் அவ்வளவாகக் குறைவதில்லை. 1943இல் பெண் மான்களையும் சுட மாநிலம் அனுமதித்தபோது வேட்டைக்காரர்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த முடிவை ஆதரித்த வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்டு கடும் கண்டனத்துக்கு ஆளானார். காடு தாங்கக்கூடிய அளவை மீறிப் பெருகிய மான்கள் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்த்துவிட்டுப் பனிக்காலத்தில் பட்டினியால் மடிவதைக் காட்டிலும், கணக்கோடு வேட்டையாடுவது மேல் என்ற அவரது நிலைப்பாடே சரியானது.

சீட்டுகளின் எண்ணிக்கையை முதலில் பரிந்துரைப்பது 2014 முதல் இயங்கிவரும் கவுண்டி மான் ஆலோசனைக் குழு. வேட்டைக்காரர்களோடு வேளாண்மை, வனத்தொழில், சுற்றுலா, சாலைப் போக்குவரத்து ஆகியவற்றின் சார்பாளர்களும் அதில் இடம்பெறுகின்றனர். பயிரிழப்பு, சாலை விபத்து, மரக்கன்றுச் சேதம் ஆகியவற்றைத் தாங்குவோர் வெவ்வேறு மக்கள் என்பதால், இவர்கள் ஒரே மேசையில் அமர்வது இன்றியமையாதது. மான் தொகையைக் கூட்டுவதா, அப்படியே காப்பதா, குறைப்பதா என்னும் இலக்கை இக்குழு 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை வகுக்கிறது. பரிந்துரைகள் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்பட்டு, மாநில இயற்கை வளத் துறை வழியாக இயற்கை வள வாரியத்தின் ஒப்புதலுக்குச் செல்கின்றன.

இம்முடிவுக்குப் பனிக்காலக் கணக்கும் உதவுகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, வெப்பநிலை 0 பாரன்ஹீட் அல்லது அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளியும், தரையில் 18 அங்குலமோ அதற்கு மேலோ பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளியும் சேர்க்கப்படுகின்றன. மொத்தம் 50க்குக் குறைந்தால் மிதமான பனிக்காலம். 80ஐ எட்டினால் கடுமையானது. கடும் பனிக்காலத்துக்குப் பின் வடபகுதிக் கவுண்டிகள் சீட்டுகளைக் குறைப்பது வழக்கம்.

சுட்டு வீழ்த்திய மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் வேட்டைக்காரர் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவுகளையும், மாதிரியாகச் சோதிக்கப்படும் மான்களின் வயதையும் கொண்டே துறை மான் தொகையை மதிப்பிடுகிறது. பதிவு தவறினால் அடுத்த ஆண்டின் சீட்டுக் கணக்கும் பிழைபடும்.

மாநிலத்தின் வடபகுதியில் அமெரிக்க அரசுடன் செய்த 1837, 1842ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி ஒஜிப்வே பழங்குடியினர் தம் வேட்டை உரிமையைத் தக்கவைத்துள்ளனர். 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே ஒஜிப்வே மக்களுக்கான வேட்டைக் காலத்தையும் விதிகளையும் அவர்களின் சொந்த அமைப்புகளே வகுக்கின்றன.