வயதான நாய் தண்ணீர் அதிகம் குடித்தால் வெயில்மேல் பழி போடாதீர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நாய் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தால், "வெயிலுக்குக் குடிக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். 7 வயதைக் கடந்த நாய், 10 வயதைக் கடந்த பூனை என்றால் அளந்து பார்த்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, கருப்பைச் சீழ் எல்லாம் முதலில் தலைகாட்டுவது தண்ணீர்க் கிண்ணத்தில்தான்.

காலையில் 2 லிட்டர் அளந்து ஊற்றுங்கள். தீர்ந்தால் அளந்தே நிரப்புங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீதியைக் கழியுங்கள். பாத்ரூம் பக்கெட்டை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். கத்திரி வெயிலில் ஆவியாவதும் உண்டு. அதே அளவுள்ள இன்னொரு கிண்ணத்திலும் தண்ணீரை அளந்து ஊற்றி, நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்து, அதில் குறைந்ததையும் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் சராசரி போதும். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டரை ஒட்டி இயல்பு. 2 லிட்டரைத் தாண்டினால் பரிசோதனை தேவை. 4 கிலோ பூனைக்கு எல்லை 200 மில்லி. ஃபேனுக்கு அடியில் படுத்தே கிடக்கிற நாய்க்கு வெயில் சாக்கு எடுபடாது.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும்போது சிறுநீரகத்தின் வேலையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். சிறுநீர் நீர்த்துப்போவது அதற்கு முன்பே தெரியும். காலை முதல் சிறுநீரை நீளக் காம்புள்ள கரண்டியில் பிடித்து, காய்ந்த சுத்தமான பாட்டிலில் இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

ராத்திரி வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகிறதே என்று தண்ணீரை நிறுத்துவதுதான் பெரிய தவறு. கெட்ட சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. குடிப்பதையும் நிறுத்தினால் உடல் வற்றி, நிலைமை ஒரே நாளில் கவிழ்ந்துவிடும்.

கருத்தடை செய்யாத பெண் நாய், தீட்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் சோர்ந்துபோய் நிறையக் குடித்தால் அன்றைக்கே கூட்டிவாருங்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது.

மூட்டு வலிக்கு வீட்டு மாத்திரை வேண்டாம். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒரே ஒரு 500 மி.கி. பாராசிட்டமால் போதும், உயிரே போய்விடும். ஈறு பழுப்பாவதும் முகம் வீங்குவதும் அதன் அடையாளம். அதற்குக் காத்திருக்காதீர்கள், விழுங்கியது தெரிந்ததும் மாத்திரை அட்டையோடு கிளம்புங்கள். மாற்று மருந்து அசிடைல்சிஸ்டீனை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு பலன்.