ககுரோ: விளிம்பிலிருந்து அவிழும் புதிர்

சுடோகுவில் கை தேர்ந்தவர்கள்கூட ககுரோவைக் கண்டதும் சற்றுத் தயங்குவார்கள். பார்த்தால் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி இருக்கிறது. எழுத்துகளுக்குப் பதில் எண்கள். கணக்குப் போட்டே களைத்துவிடுவோமோ என்ற பயம் வரும். ஆனால் இதற்குத் தேவையான கணக்கு முழுவதும் 45-க்குள் அடங்கும் கூட்டல்தான். ஒரு தொகை எந்தெந்த இலக்கங்களால் அமையும், அவற்றில் எது குறுக்கே வரும் தொகைக்கும் பொருந்தும் என்று பார்ப்பதில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது.

அமெரிக்காவின் டெல் இதழ்களில் ‘கிராஸ் சம்ஸ்’ என்ற பெயரில் வந்துகொண்டிருந்த புதிர் இது. ஜப்பானின் நிகோலி பதிப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவரான மகி காஜி இதைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். கூட்டல் என்று பொருள்படும் ‘கசன்’, குறுக்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பான ‘குரோசு’ இரண்டும் சேர்ந்து சுருங்கி ‘ககுரோ’ ஆயிற்று. 2005-இல் பிரிட்டிஷ் நாளிதழ்கள் அச்சிடத் தொடங்கியபின் உலகம் முழுக்க இந்தப் பெயரே நிலைத்தது.

விதிகள் இரண்டுதான். வெள்ளைக் கட்டங்களில் 1 முதல் 9 வரை எழுத வேண்டும். இடைவிடாமல் தொடரும் வெள்ளைக் கட்டங்களைச் சரம் என்று வைத்துக்கொள்வோம்; ஒரு சரத்தின் கூட்டுத்தொகை அதற்குரிய குறிப்பு எண்ணுக்குச் சமமாக வேண்டும், அதற்குள் எந்த இலக்கமும் இருமுறை வரக்கூடாது. குறிப்பு எண்கள் கறுப்புக் கட்டத்தில் சாய்கோட்டின் இருபுறமும் இருக்கும். கோட்டுக்கு மேல் வலப்பக்கம் உள்ளது வலப்புறம் ஓடும் சரத்துக்கு, கீழ் இடப்பக்கம் உள்ளது கீழ்நோக்கி இறங்கும் சரத்துக்கு.

சுடோகுப் பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடும். அங்கே ஒரு வரிசை முழுவதிலும் இலக்கம் திரும்ப வரக்கூடாது. இங்கே நடுவில் ஒரு கறுப்புக் கட்டம் வந்துவிட்டால் அதற்கு அப்பால் புதுச் சரம். அதே வரிசையில் 7 மறுபடி வரலாம். சரத்தில் ஒன்பது இலக்கங்களும் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே ‘இந்த வரிசையில் 5-க்கு வேறு இடமே இல்லை’ என்ற வாதம், அந்தச் சரத்தில் 5 கட்டாயம் உண்டு என்று முதலில் நிறுவிய பிறகே செல்லும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 2 முதல் 9 கட்டங்கள் வரை உள்ள சரங்களை நிரப்பக்கூடிய இலக்கக் கூட்டங்கள் மொத்தம் 502. கட்ட எண்ணிக்கையையும் தொகையையும் சேர்த்து ஒரு குறிப்பு என்று கொண்டால், அவை 120 குறிப்புகளுக்குள் பங்கிடப்படுகின்றன. ஆனால் பங்கு சமமாக இல்லை. 2 கட்டச் சரத்தின் தொகை 3 என்றால் 1, 2 மட்டுமே. 4 என்றால் 1, 3. 16 என்றால் 7, 9. 17 என்றால் 8, 9. அதே 2 கட்டத்தில் 10-க்கு நான்கு வழிகள் உண்டு. 4 கட்டத்தில் 20 என்றால் பன்னிரண்டு! தொகை அதன் சிறும எல்லையையோ பெரும எல்லையையோ ஒட்டி இருக்கும்போது வழிகள் குறைகின்றன. நடுவில் இருக்கும்போது பெருகுகின்றன. புதிரின் மூலையில் தொடங்குவதா நடுவில் தொடங்குவதா என்று யோசிப்பவர்கள், எண்ணின் மூலையில் தொடங்க வேண்டும்.

ஒரே வழியில் அமையும் குறிப்புகள் மொத்தம் 34. 3 கட்டத்துக்கு 6, 7, 23, 24. 4 கட்டத்துக்கு 10, 11, 29, 30. 5 கட்டத்துக்கு 15, 16, 34, 35. இவற்றை உருப்போட வேண்டியதில்லை, சிறிய பாதி தெரிந்தால் போதும். ஒவ்வோர் இலக்கத்தையும் 10-இலிருந்து கழித்தால் பெரிய பாதி கிடைத்துவிடும்: 7 என்பது 1, 2, 4 என்றால், 23 என்பது 9, 8, 6. நீண்ட சரங்களுக்கு வேறொரு குறுக்குவழி. ஒன்பது இலக்கங்களின் மொத்தம் 45 என்பதால், உள்ளே இருப்பதை விட்டு வெளியே இருப்பதைத் தேடலாம். 7 கட்டத்தில் 33 என்றால் விடுபட்ட இரண்டின் தொகை 12. அவை 3, 9 அல்லது 4, 8 அல்லது 5, 7. எனவே 1, 2, 6 மூன்றும் சரத்துக்குள் நிச்சயம் உண்டு.

சிறு புதிர் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வரிசை, மூன்று நிரல், ஆறு கட்டங்கள். மேல்வரிசை 7, கீழ்வரிசை 24. நிரல்கள் இடமிருந்து 13, 8, 10. மேலே 1, 2, 4-தான் வர முடியும், கீழே 7, 8, 9-தான். முதல் நிரலின் 13-க்கு 4-உம் 9-உம் தவிர வேறு வழியில்லை. இரண்டாவதில் 8 வர வேண்டுமானால் மேலே 1, கீழே 7. மூன்றாவதற்கு 1-உம் 9-உம் சேர்த்தாலும் 10; 2-உம் 8-உம் சேர்த்தாலும் 10. ஆனால் 1-உம் 9-உம் தத்தம் வரிசையில் ஏற்கெனவே செலவாகிவிட்டன. விடை: மேலே 4, 1, 2, கீழே 9, 7, 8.

இதே புதிரில் இன்னொரு வித்தையும் ஒளிந்திருக்கிறது. வரிசைகளின் மொத்தம் 31, நிரல்களின் மொத்தமும் 31. எண்ணுவது அதே ஆறு கட்டங்களைத்தானே! மூன்றாவது நிரல் கீழே ஒரு கட்டம் நீண்டு, அதன் குறிப்பு 15 என்றிருந்தால் நிரல்களின் மொத்தம் 36 ஆகும். அந்தத் துருத்திய கட்டத்தில் 5. இதைச் சொல்ல ஆறு கட்டங்களில் ஒன்றைக்கூட நிரப்பத் தேவையில்லை. பெரிய புதிர்கள் பெரும்பாலும் ஓரிரு கட்டங்களால் மட்டும் இணைந்த சிறு தீவுகளாகவே இருக்கும். அந்த இணைப்புக் கட்டங்களை உடைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. பலர் இதை முயல்வதே இல்லை.

ஒற்றை வழிக் குறிப்புகள் தீர்ந்ததும் விளையாட்டு முடிந்துவிடாது. இரண்டு வழி உள்ளவையும் நிறையப் பேசும். 3 கட்டத்தில் 22 என்றால் 5, 8, 9 அல்லது 6, 7, 9; அதாவது 5-க்குக் குறைந்த எதுவும் இல்லை. அதைக் குறுக்கே வெட்டுவது 2 கட்டத்தில் 6 என்றால், அதற்கு வாய்ப்பு 1, 5 அல்லது 2, 4. வெட்டும் கட்டத்தில் 5-ஐத் தவிர எதுவும் நிற்காது. உடனே அந்த 22-உம் 5, 8, 9 என்று உறுதியாகிறது. இங்கே 6-க்கு 3, 3 என்று எழுதிவிடுவது தொடக்கக்காரர்களின் வழக்கமான பிழை. 2 கட்டத்துக்கு இரட்டைப்படைத் தொகை வந்தால் அதன் பாதியை முதலிலேயே அடித்துவிடுங்கள்.

இணையத்தில் ஆடும்போது, ஒரு கட்டத்தில் வரக்கூடிய இலக்கங்களைச் சிறிதாக எழுதிவைக்கும் பென்சில் குறிப்பு வசதியை எந்தக் கட்டத்தில் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியம். எல்லாக் கட்டத்திலும் எல்லா வாய்ப்புகளையும் நிரப்பினால் திரை கண்ணுக்கு இரைச்சலாகிவிடும், கவனிக்க வேண்டியது அதில் மறைந்துபோகும். நான்கு அல்லது அதற்குக் குறைவான வாய்ப்புள்ள கட்டங்களில் மட்டும் எழுதினால் போதும். ஒரே சரத்தில் இரண்டு கட்டங்கள் 1, 3 என்ற அதே இரண்டை மட்டும் ஏந்தி நின்றால், மற்றக் கட்டங்களிலிருந்து 1-ஐயும் 3-ஐயும் நீக்கலாம். மிச்சத் தொகையை 4 குறைத்துக்கொண்டு அதைப் புதிய, குறுகிய சரமாகப் பாருங்கள். நடுத்தொகையாக இருந்தது பல நேரம் விளிம்புத்தொகையாக மாறியிருக்கும்.

பிழை காட்டும் வசதியை நம்புவதற்கு முன் அது எதைச் சோதிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில செயலிகள் இலக்கம் திரும்ப வந்தாலோ நிரம்பிய சரத்தின் தொகை தவறினாலோ மட்டுமே சிவப்பாக்கும். வேறு சில விடையோடு ஒப்பிடும். முதல் வகையில், சிவப்பு இல்லை என்பதால் எழுதியது சரி என்று ஆகாது. ஊகத்தில் போட்ட ஓர் இலக்கம் பதினைந்து கட்டம் தள்ளிப்போய் முரண்படும்; அப்போது எங்கிருந்து அழிப்பது என்று தெரியாது. ஊகித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டே வாய்ப்புள்ள, குறுகிய சரங்கள் வெட்டிக்கொள்ளும் கட்டத்தைத் தேர்ந்து, பென்சில் குறிப்பாகவே தொடர்ந்து பாருங்கள். ஏழெட்டு அடிக்குள் முரண் வராவிட்டால் திரும்பிவிடுவது மேல்.

நன்றாக அமைத்த புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும். இரண்டு வரிசைச் சரங்களும் இரண்டு நிரல் சரங்களும் வெட்டும் நான்கு கட்டங்களில் மேலே 1, 3, கீழே 3, 1 என்று வந்தால் இரண்டையும் இடம் மாற்றினாலும் எல்லாத் தொகையும் அப்படியே நிற்கும். அதாவது இரண்டு விடை. ஆகவே ஒரே விடை உண்டு என்று தளம் உறுதியளித்திருந்தால், உங்கள் கணக்கு அந்த அமைப்பை நோக்கிப் போகும்போதே எங்கோ பிசகியிருக்கிறது என்று நிறுத்திவிடலாம்.