மங்கிய மையை மட்டும் ஜேபெக் ஏன் தின்கிறது?

டர்பனில் இருக்கும் உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய கப்பல் பயணிகள் பட்டியல் ஒன்றைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அச்சடித்த கட்டமும் தலைப்பும் பளிச்சென்று தெரிகின்றன. பேனாவால் எழுதிய ஊர்ப்பெயர் மட்டும் புகை மாதிரி இருக்கிறது. அசலில் நன்றாகப் படிக்க முடிகிறதாம். ஸ்கேனர் மோசமா?"

ஸ்கேனர் மேல் தப்பில்லை. படம் கைமாறும் வழியில்தான் எழுத்து காணாமல் போகிறது. அதுவும் கண்டபடி போவதில்லை. மங்கலானதும் சிறியதும் எதுவோ, அதைத் தேடிப் பார்த்து அழிப்பது போலப் போகிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கினார்கள். பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். நான்கு தலைமுறை தாண்டிச் சொந்த ஊரைத் தேடுகிறவருக்குக் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்திருப்பார்கள். அதில் ஒரு எழுத்தின் மேற்புள்ளியோ குறுக்குக்கோடோ போனால் வேறு ஊர் வந்து நிற்கும்.

ஸ்கேன் செய்வதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), 24 பிட் வண்ணம், எதையும் இழக்காமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. ஏ4 அளவுத் தாளுக்கு இது 3307 × 4677 பிக்சல், ஏறக்குறைய 46 எம்பி. "கருப்பு வெள்ளை" என்ற தேர்வைத் தொடாதீர்கள். அதில் ஒவ்வொரு பிக்சலும் ஒன்று கருப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மங்கிய பழுப்பு மை வெள்ளைப் பக்கம் சாய்ந்துவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது. செல்போன் ஸ்கேன் செயலிகளின் "தானாக மெருகூட்டு" செய்வதும் பெரும்பாலும் இதே வேலைதான். பைண்டு செய்த பழைய பதிவேட்டைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிரிந்துவிடும். மேலிருந்து கேமராவில் எடுங்கள், இருபுறமும் 45 பாகையில் விளக்கு வையுங்கள், ஓரத்தில் ஓர் அளவுகோல் கிடக்கட்டும். பின்பக்கம் வெற்றாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

இனி, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறையான ஜேபெக்குக்கு வருவோம். ஜேபெக் முதலில் படத்தை 8 பிக்சலுக்கு 8 பிக்சல் சதுரங்களாக வெட்டிக்கொள்ளும். கோலம் போடுகிறவர்கள் பாஷையில் சொன்னால், எட்டுப் புள்ளி எட்டு வரிசை. இந்த 64 புள்ளிகளில் எந்தப் படம் இருந்தாலும் அதை 64 நிலையான கோலங்களின் கலவையாக எழுதிவிடலாம் என்பது கணிதம். முதல் கோலம் ஒரே சீரான சாம்பல். அடுத்தது இடமிருந்து வலமாக மெல்ல வெளுக்கும். அதற்கடுத்தவற்றில் பட்டைகள் நெருங்கிக்கொண்டே போகும். கடைசிக் கோலம் சதுரங்கப் பலகை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். ஒவ்வொரு கோலத்திலும் எத்தனை பங்கு என்று 64 எண்களைக் குறித்துக்கொண்டால் போதும், படம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். இதுவரை நஷ்டம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

நஷ்டம் அடுத்த படியில். அந்த 64 எண்களையும் ஓர் அட்டவணையில் உள்ள 64 எண்களால் வகுத்து, கிடைப்பதை முழு எண்ணாக்கிவிடுவார்கள். தரம் 50 என்ற அளவுக்குப் பல மென்பொருள்கள் வைத்திருக்கும் அட்டவணையின் முதல் வரிசை 16, 11, 10, 16, 24, 40, 51, 61. கீழ்க்கோடியில் 99. பொடிக் கோலங்களைப் பெரிய எண்ணால் வகுப்பதற்குக் காரணம், நம் கண் அவற்றை அவ்வளவாகக் கவனிக்காது என்பதுதான். வகுத்து 0.5க்குக் கீழே வந்தால் பூஜ்யம். பூஜ்யத்தைச் சேமிக்க ஏறக்குறைய இடமே தேவைப்படாது என்பதால் கோப்பு சின்னதாகிறது.

இப்போது மங்கிய மையில் வைத்த ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். 0 கருப்பு, 255 வெள்ளை என்ற அளவில் தாளின் வெளிச்சம் 210, மையினுடையது 190. வித்தியாசம் 20. அந்தப் புள்ளி ஒரே ஒரு பிக்சல் அளவில் இருந்தால் அது 64 கோலங்களிலும் சிதறிப் பரவும். எந்தக் கோலத்திலும் அதன் பங்கு 20ல் கால் பாகமான 5ஐ எட்டாது. அட்டவணையில் உள்ளதிலேயே சிறிய எண் 10. ஐந்துக்குக் குறைந்ததைப் பத்தால் வகுத்தால் அரைக்கும் கீழே, ஆக 64 இடத்திலும் பூஜ்யம். புள்ளி மங்கவில்லை, கலங்கவில்லை, இருந்த சுவடே இல்லாமல் போய்விட்டது! பக்கத்திலேயே அச்சடித்த முற்றுப்புள்ளிக்கு வித்தியாசம் 150 என்றால் அதன் பங்கு 36 வரை வரும். அது தப்பித்துக்கொள்ளும். வாசகர் பார்த்தது இதைத்தான். ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். நாம் வைத்த புள்ளியையும் பிடுங்கிக்கொள்ள ஜேபெக் வந்திருக்கிறது.

தரம் 90 என்று வைத்தால் அதே அட்டவணை ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். 10 இருந்த இடத்தில் 2, 99 இருந்த இடத்தில் 20. அப்போது நம் புள்ளியின் 5க்குச் சற்றுக் குறைந்த பங்குகளில் சில 1 ஆகவோ 2 ஆகவோ பிழைத்துக்கொள்ளும். தரத்தை 50லிருந்து 90க்கு உயர்த்தினால் கோப்பு பெரிதாகத்தான் செய்யும், ஆனால் கிராமத்தின் பெயர் கிடைக்கும்.

ஒரு பிக்சல் அளவுக்குப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். 400 டிபிஐயில் 0.2 மில்லிமீட்டர் பேனாக்கோடு மூன்று பிக்சல் அகலம் இருக்கும், உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 297 மில்லிமீட்டர் தாளில் ஒரு பிக்சல் என்பது அப்போது 0.19 மில்லிமீட்டர். கோடு ஒரு பிக்சலுக்கு வந்தாயிற்று, புள்ளியும் அப்படியே. சுருக்கும்போது அக்கம்பக்கத்துத் தாளின் வெண்மை கலப்பதால் இருந்த 20 வித்தியாசமும் குறையும். அதற்கு மேல் ஜேபெக்கின் வகுத்தல். வண்ணத்திலும் ஒரு சிக்கனம் உண்டு: வழக்கமான அமைப்பில் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத்தகவல்தான் மிஞ்சும். எழுத்தின் மேல் குத்திய ஊதா முத்திரையை நிறத்தை வைத்துப் பிரித்தெடுக்கப் பார்த்தால் அது நடக்காமல் போவது இதனால்தான்.

ஜேபெக்கையாவது மன்னிக்கலாம். தெரியாததைத் தெரியாதது போலவே காட்டுகிறது. பிடிஎஃப்களுக்குள் ஒளிந்திருக்கும் ஜேபிக்2 என்ற முறை அப்படியில்லை. கருப்பு வெள்ளைப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துருக்களைத் தேடி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலெல்லாம் அதையே ஒட்டுவது அதன் ஒரு வகை. தெளிவு குறைந்த ஸ்கேனில் 6ம் 8ம் "ஒரே மாதிரி" என்று முடிவு செய்துவிட்டால் 6 இருந்த இடத்தில் கூர்மையான, அழகான 8 வந்து உட்காரும். 2013ல் ஜெர்மானியக் கணினி ஆய்வாளர் டேவிட் க்ரீசல் இதை அம்பலப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்த மூன்று அறைகளும் நகலில் 14.13 என்றே வந்திருந்தன. கையெழுத்தில் ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு விதம் என்பதால் ஆபத்து குறைவு. தட்டச்சு செய்த பெயரடைவுகளிலும் எண் பட்டியல்களிலும்தான் கவனம் வேண்டும். அங்கே ஓர் இலக்கம் மாறினால் அடுத்தவர் கொள்ளுத்தாத்தாவை நம் வீட்டுப் படத்தில் மாட்டிவைப்போம்.

மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் தெளிவாகிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை பரவிவருகிறது. பூஜ்யமானது பூஜ்யம்தான். செயலி காட்டுவது அங்கே என்ன இருந்திருக்கலாம் என்ற அதன் ஊகம். கட்டைவிரல் ரேகை பார்த்துத் தகப்பன் பெயர் சொல்லும் நாடி ஜோதிடத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஜோதிடராவது நம்மிடம் நாலு கேள்வி கேட்பார்.

ஆவணக்காப்பகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுப்பணத்தில் நல்ல ஸ்கேன் எடுத்துவிட்டு, இணையத்தில் ஏற்றும்போது இடம் மிச்சம் என்று கசக்கிப் பிழிந்த பிடிஎஃப்பைப் போடுவது எந்த விதத்திலும் சிக்கனமில்லை. பக்கத்துக்கு 46 எம்பி வீதம் ஒரு லட்சம் பக்கம் 4.6 டெராபைட். கடையில் கிடைக்கும் ஒரே வன்தட்டில் அடங்கும்.

அனுப்புகிறவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. டிஃப் மூலத்தைத் தொடாமல் வைத்து, அதிலிருந்து தரம் 90க்குக் குறையாத ஜேபெக் பிரதி எடுங்கள், நிறத்தகவலைக் குறைக்காத 4:4:4 அமைப்பில். நிமிர்த்தவோ வெட்டவோ வேண்டுமென்றால் மூலத்திலிருந்தே மறுபடி பிரதி எடுங்கள். ஜேபெக்கைத் திறந்து, மாற்றி, மறுபடி சேமித்தால் வகுத்தல் இன்னொரு முறை நடக்கும். வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். கோப்பின் பெயரிலேயே காப்பகம், தொகுதி எண், பக்க எண் இருக்கட்டும். கூடவே, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை அனுப்புங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை அதைத் தரும், 64 எழுத்து நீளம். ஒரே ஒரு பிட் மாறினாலும் அது அடியோடு வேறாகிவிடும்.

வந்த பிடிஎஃப்பைச் சோதிக்க பாப்ளர் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இமேஜஸ் கருவியை லிஸ்ட் தேர்வோடு ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு படமும் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்று தனி நெடுவரிசையில் காட்டும். ஜேபிக்2 என்று இருந்தால் மட்டும் தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம், நஷ்டமில்லாத வகையும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்து எண்களைக் குடும்ப வரைபடத்தில் ஏற்றுவதற்கு முன் அசல் படத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.