சென்னையில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் தெருவின் மட்டத்தைப் பாருங்கள்

வீடு வாங்குமுன் கட்டடத்தைப் பார்த்துச் சொல்லப் பொறியாளரை அழைப்பவர்களில் பலர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் அழைக்கிறார்கள். அதற்குள் ஏரியா முடிவாகியிருக்கும். பேச்சு டைல்ஸ், வாஸ்து, கவர்டு கார் பார்க்கிங் என்று போய்க்கொண்டிருக்கும். சுவரில் ஓதம், குழாயில் கசிவு, மாடியில் விரிசல் எல்லாம் காசு போட்டால் சரியாகும். தெரு பள்ளத்தில் இருந்தால் அதற்கு மருந்து கிடையாது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், உண்மைதான். வீடு மூன்றடி உயரும். தெரு அங்கேயேதான் கிடக்கும்.

அதனால் "வேளச்சேரி வேண்டாம், அண்ணா நகர் நல்லது" என்று மொத்தமாகச் சொல்லும் பட்டியல்களை நம்ப வேண்டாம். ஒரே பின்கோடில் இரண்டு தெரு தள்ளி நிலைமை தலைகீழாக இருக்கும்.

மழைத்தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது?

சென்னை தட்டையான ஊர். ஆண்டு மழை சுமார் 140 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அது கடலுக்குப் போகும் வாசல்கள் நான்குதான்: வடக்கே கொசஸ்தலையாறு, நடுவில் கூவமும் அடையாறும், தெற்கே முட்டுக்காடு. கடற்கரையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாய் இவற்றை இணைக்கிறது. நீங்கள் பார்க்கும் தெருவின் தண்ணீர் எந்த வாசலுக்கு, எந்தக் கால்வாய் வழியாகப் போகிறது என்பது தெரியாமல் விலை பேச உட்காராதீர்கள்.

தென்சென்னையை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, தெற்கே முட்டுக்காட்டுக்குப் போக வேண்டும். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் பின்னால் ஏறும். கடல் ஏற்றத்தில் இருந்தாலும், முகத்துவாரத்தில் மணல் திட்டு மேவியிருந்தாலும் அதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. மழைநீர் வடிகால் எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் வெளியேறும் வாய் கால்வாயின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அது வெறும் தொட்டி.

அடையாற்றுப் பக்கம் வேறு கணக்கு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்குவதற்குச் செம்பரம்பாக்கம் காரணமில்லை. அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூர் அதற்கும் மேலே. அங்கே வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். "ஏரி திறக்கவில்லை, பயமில்லை" என்று டிவி பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருநீர்மலைக்குக் கீழே மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை ஆற்றோரத் தெருக்களுக்கு இரண்டு நீரும் சேர்ந்து வரும்.

தெருவைப் படிப்பது

புரோக்கர் இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். காம்பவுண்டு சுவர்களில் ஒரே உயரத்தில் ஓடும் பழுப்புக் கோடு, கேட்டின் அடிப்பகுதியில் மட்டும் ஏறியிருக்கும் துரு, இடுப்பளவுக்குப் புதிதாக ஒட்டிய டைல்ஸ், தலைக்கு மேலே தூக்கி மாட்டிய ஈ.பி. மீட்டர் பெட்டி, திண்டு கட்டி அதன்மேல் நிற்கும் ஜெனரேட்டர். இவற்றில் மூன்று கண்ணில் பட்டால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் பூத்திலும் "வருமா?" என்று கேட்காதீர்கள். "2015-ல் எதுவரை வந்தது, 2023-ல் எதுவரை, எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது?" என்று கேளுங்கள். முழங்கால் அளவு வந்து ஆறு மணி நேரத்தில் வடியும் தெருவில் வாழலாம். கணுக்கால் அளவு வந்து நான்கு நாள் நிற்கும் தெருவில், கழிவுநீரும் கலந்திருக்கும்போது, குழந்தைகளை வைத்துக்கொண்டு வாழ முடியாது.

பழைய வீடுகளில் வாசல்படி சாலைக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் 40 முதல் 50 மில்லிமீட்டர் ஏறும். பழைய தாரைச் சுரண்டாமல் நான்கு முறை போட்டால் கிட்டத்தட்ட 20 செ.மீ. போய்விடும். இன்று சாலையை விட ஓரடி உயரம் என்று காட்டப்படும் தரை, பதினைந்து ஆண்டுகளில் சாலை மட்டத்துக்கு வந்து நிற்கலாம். குறைந்தது இரண்டடி இருக்கட்டும்.

மட்டம் பார்க்க கூகுள் எர்த் காட்டும் உயர எண்ணை நம்பாதீர்கள். அதில் சில மீட்டர் பிழை சகஜம், இங்கே ஓரடியே வாழ்வா சாவா. ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொன்னால் தெருமுனைக்கும் வீட்டு வாசலுக்கும் உள்ள வித்தியாசம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கூகுள் எர்த் வேறொன்றுக்கு உதவும்: பழைய தேதிப் படங்களை ஓட்டி, 2000-களின் தொடக்கத்தில் அந்த இடம் வயலா, ஏரியா, சதுப்பா என்று பார்க்கலாம். மழைக்காலம் முடிந்த மாதங்களின் படங்களைத் தேடுங்கள்.

ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் திறந்த கீழ்த்தளம்) உள்ள அடுக்ககத்தில் வீடு நனையாது என்பது சரி. நனைபவை வேறு: லிஃப்ட் குழி, மின் பேனல், சம்ப். சம்பின் மூடி தரையோடு தரையாக இருந்தால், ஒரு மழைக்கே சாக்கடை கலந்த நீர் குடிநீர்த் தொட்டியில் இறங்கும். மூடியின் விளிம்பு தரையிலிருந்து ஓரடியாவது எழும்பியிருக்க வேண்டும். தரைத்தளக் கழிப்பறைக்கு நான்-ரிட்டர்ன் வால்வு (நீரைத் திரும்பி வரவிடாத அடைப்பான்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் மழை நாளில் சாக்கடை உள்ளே வரும்.

வெள்ளத்துக்கு அடுத்தது வறட்சி

போர் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, மே மாதத்தில் அளக்க வேண்டும். டிசம்பரில் அளந்தால் மழைநீரைத்தான் அளப்பீர்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்கது. வேறு வழியில்லையென்றால் 2000 வரை. அதற்கு மேலே போனால் குடிக்க மட்டுமல்ல, ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஆபத்து.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற மணற்பாங்கான இடங்களில் ஒரு விசித்திரம் உண்டு. நல்ல தண்ணீர் உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி இருந்தால், கீழே சுமார் நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடியை உறிஞ்சித் தீர்த்தால், கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறும். ஆகவே இங்கே ஆழமான போர் பெருமைக்குரிய விஷயமல்ல. ஆழம் குறைந்த உறைக்கிணறும், உருப்படியாகப் பராமரிக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் உள்ள தெருவே மேல். பக்கத்து அடுக்ககத்தின் ஆழ்குழாயில் உப்பு ஏறிவிட்டதென்றால் உங்கள் கிணற்றுக்கும் அதிக நாள் இல்லை.

ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) கேள்வி வேறு: லாரி. 100 வீடு, வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நாலரை. "மெட்ரோ வாட்டர் வரும்" என்ற வாக்குறுதியை விட்டுவிட்டு, சங்கத்தின் மே, ஜூன் மாதத் தண்ணீர் லாரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்பதும் அதே கணக்குப் புத்தகத்தில் தெரியும். கழிவுநீர் லாரிக்கும் பில் இருந்தால் அந்த நிலையம் பெயருக்குத்தான் இருக்கிறது.

உப்புக் காற்று, கரையும் கடற்கரை

கடல் பார்த்த பால்கனிக்கு அதிக விலை கொடுக்குமுன், அதே தெருவில் பத்துப் பதினைந்து வயதான கட்டடங்களின் சன்ஷேடு அடியைப் பாருங்கள். நீளவாக்கில் விரிசல், பழுப்புக் கறை, பெயர்ந்த பூச்சில் எட்டிப்பார்க்கும் கம்பி. கம்பி துருப்பிடித்து உப்பும்போது கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி கடற்கரைச் சூழலில் வெளியே நிற்கும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் கம்பியை மூடும் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். உள்நாட்டில் பழகிய கை 20, 25 வைத்துப் போட்டிருக்கும். பில்டரிடம் கட்டமைப்பு வரைபடத்தில் இந்த இரண்டு எண்களையும் காட்டச் சொல்லுங்கள். ஏ.சி. வெளி யூனிட், கிரில், கேட் எல்லாம் சீக்கிரம் போகும் என்பதைப் பராமரிப்புச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையே நிலையானதல்ல. இந்தக் கரையோரம் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகம் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரை அரிக்கப்பட்டு, பாறை கொட்டியும் தடுப்புக் கட்டியும் காக்க வேண்டியதாயிற்று. அலைத்தடுப்பு எதற்கும் வடபுறத்தில் மனை பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்ற கணக்கில் வாங்குபவர்கள் முதலில் அந்த மண்டலத்தின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

காகிதங்களில் வில்லங்கமும் பட்டாவும் எல்லோரும் பார்ப்பவை. அதோடு கிராம வரைபடம், புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவுப் படம்), 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) மூன்றையும் எடுத்து, உங்கள் சர்வே எண்ணுக்குப் பக்கத்து எண்கள் என்னவென்று பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று இருந்து, நேரில் அங்கே கான்கிரீட் சாலை கிடந்தால், அந்தத் தண்ணீர் இப்போது யார் வீட்டு வழியாகப் போகிறது என்று யோசியுங்கள். நீர்நிலை அருகிலான மனைப்பிரிவுகளுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கும். எந்த உயரம் வரை மண் நிரப்ப வேண்டும் என்பது அதில் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்பவர்கள் தாங்களாக அதைக் காட்டுவது அரிது.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. என்று விளம்பரங்களில் வரும். ஓடுகிற ரயிலுக்குக் காசு கொடுங்கள், தூணுக்குக் கொடுக்காதீர்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள், மணலி ஆலைகள் இவற்றின் நாற்றமும் புகையும் காற்றோடு திசை மாறும் என்பதால் கோடையில் ஒரு மாலை, மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை போய் நின்று பாருங்கள்.

அவசரமில்லாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பிடித்த தெருவில் செப்டம்பரில் 11 மாத வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடிபோங்கள். வடகிழக்குப் பருவமழையும் மே மாதமும் அதற்குள் அடங்கிவிடும். ஜூலையில் விலை பேசும்போது, தெருவைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.